வாய்க்குப் போட்ட கையெழுத்து

என் போன் அடித்தால் எனக்குப் பயம். தனியாக ஆபீஸ் போட்ட நாளிலிருந்து இந்த வியாதி இருக்கிறது. அடித்தால், எந்தக் கட்சிக்காரருக்கோ ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. அடிக்கவில்லை என்றால், இருக்கிற கட்சிக்காரரும் வேறு வக்கீலைப் பார்த்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் நிம்மதி என்று ஒன்று உண்டு என்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

ராயபுரத்துக்காரி நான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். நான் சட்டம் முடித்ததும் எங்கள் தெருவில் முதலில் கேட்டது, "ஜாமீன் எடுப்பியா?" என்றுதான். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கிற சண்டை, ஒப்பந்தம், சரக்கு, படகு வாடகை, இதெல்லாம்தான் என் வேலை என்று சொன்னால், "அத்துல இன்னா கீது?" என்பார்கள். அம்மா உஷார். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாராவது கேட்டால், "ஐகோர்ட்டுல கீறா" என்று சொல்லிவிட்டு மடமடவென்று நடையைக் கட்டிவிடுவாள். பெண் என்ன வேலை செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது, பாவம்.

முன்பு நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய ஆபீசில் இருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் சொல்வேன். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில் அங்கே வேலை ஆரம்பிக்கும், எனக்கு ஒத்துவரவில்லை என்பேன். வாயைத் திறந்தாலே நான் எந்தப் பக்கத்துக்காரி என்று தெரிந்துவிடுகிறது, பார்த்துப் பார்த்துப் பேசி நாக்கு சுளுக்கிக்கொண்டது என்பேன். இரண்டும் உண்மைதான். இப்போது மண்ணடியில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை. ஃபேன் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கட்சிக்காரரிடம் ரகசியம் பேச வேண்டும்.

இதற்கிடையில் புதிதாக ஒரு பயம் வேறு. போனில் கேட்டால் அதுவே ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறதாம். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் வந்து போனை நீட்டினார். "இத்த கொஞ்சம் படிச்சிப் பாரும்மா, தப்பு கீதான்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார். படித்தேன். பெரிய தப்பு எதுவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரே ஓர் இடத்தில், தகராறு வந்தால் லண்டனுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதை எடுத்துவிட்டேன். பாய் சந்தோஷப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு என் சம்பாத்தியம் அந்த டீ.

அப்படி நான் பேஜாராகிக் கிடந்த நேரத்தில்தான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். ஐம்பதை ஒட்டிய ஆள், வெயிலில் காய்ந்த உடம்பு. கூடவே மனைவி. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவருக்கு இரண்டு லாஞ்சு. லாஞ்சு என்றால் மீன் பிடிக்கிற படகு இல்லை, ஆள் ஏற்றிப் போகிற படகு. ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் கலந்து இறால் குறைந்துபோன பிறகு, குப்பத்தில் பணம் புரட்ட முடிந்த சிலர் லாஞ்சு வாங்கிவிட்டார்கள். கடலுக்குள் சுவர் கட்டுகிற கம்பெனிக்கு வேலையாட்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பங்குதாரர்களாகக் கையெழுத்துப் போட்டு ஒரு சின்னத் தொழில் நிறுவனமாகவே பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் விடியற்காலை ஒரு லாஞ்சு கம்பெனியின் மிதவையில் இடித்துவிட்டது. ஓட்டியவன் தூங்கிவிட்டான் என்றது கம்பெனி. மிதவையில் விளக்கே எரியவில்லை என்றார் இவர். அடுத்த நாளே இரண்டு லாஞ்சையும் கம்பெனி ஆட்கள் வேலி போட்ட தங்கள் படகுத்துறைக்குள் இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

"உள்ள இஸ்துக்கினு போயி சங்கிலி போட்டுட்டானுங்கோ வக்கீலம்மா. கேட்டா அக்ரிமெண்ட்லயே கீதுன்றான்."

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. எந்தத் தகராறு வந்தாலும், அது தீரும் வரை படகைப் பிடித்து வைத்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் தலை நிமிர்வதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"படிக்காம ஏன் போட்டேன்னு நீயும் கேக்காத. வூட்ல நான் கேட்டு முடிச்சிட்டேன்."

குப்பத்தில் லாஞ்சு வைத்திருக்கிற எல்லோரும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படகைப் பிடித்து வைக்கலாம் என்கிற அந்தச் சங்கிலி வரி எல்லோர் கழுத்திலும் இருந்தது. இவர் கழுத்தில் இறுகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய பயம் எனக்கு உடனே புரியவில்லை. லாஞ்சு உள்ளே பத்திரமாகத்தானே இருக்கிறது, வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குக் காற்று எழும்பினால் வேலிக்குள்ளும் அலை வரும். அவிழ்த்து ஏற்றிக் கட்ட ஆளில்லாமல், சங்கிலியோடு சுவரில் மோதி மோதியே இரண்டும் உடைந்துவிடும். "காத்துக்கு முன்னாடி வெளிய வரணும் வக்கீலம்மா. அப்பால வந்தா பலகதான் வரும்" என்றார். அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால்கூட மேகம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா கீழேயிருந்து, "இன்னாடி பண்ணிக்கினு கீறே அங்க?" என்று கத்துவாள்.

கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பதிலே இல்லை. ஆனால் குப்பம் சும்மா இருக்கவில்லை. இவர் லாஞ்சு நின்றதும், கம்பெனி மற்ற லாஞ்சுக்காரர்களை அதிக வாடகைக்குக் கூப்பிட்டது. கிராமத்தார் கங்கையம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். அவன் லாஞ்சு வெளியே வருகிற வரைக்கும் ஒருவரும் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்று மைக்கில் கட்டுப்பாடு போட்டார்கள். அந்த அம்மாவின் தம்பிக்குப் புத்தம்புது லாஞ்சு, ஃபைனான்சில் எடுத்தது. அவரும் அதைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் கட்டிவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டார். வேலையாட்களை ஏற்றிப்போக ஆளில்லாமல் கம்பெனி திணறியது. பிறகுதான் பேசலாம் என்று இறங்கி வந்தது. கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான் வந்தார்கள், என் நோட்டீசுக்கு இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி வணிகத் தகராறுகளில் இப்போதெல்லாம் ரொம்ப அவசரம் இருந்தால் ஒழிய நேராக வழக்குப் போட முடியாது. முதலில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும், சட்டமே அப்படித்தான். காற்றைக் காட்டி அவசரம் என்று நான் மனு எழுதி முடித்தே வைத்திருந்தேன். அவர்களே பேச வருகிறோம் என்றதும் அதை மடித்து வைத்தேன். மனு போட்டால் நோட்டீஸ், பதில், வாய்தா. அதற்குள் காற்று வந்துவிடும்.

சமரச மையத்தில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேச வைத்தார். இரண்டு பக்கத்துக்கும் பிஸ்கட் தட்டை நகர்த்தி நகர்த்தியே பாதி கோபத்தைக் குறைத்துவிடுகிற மனிதர். கம்பெனிக்கு வந்த வக்கீல் என் வயதுக்காரர். குரலே உயராது. எனக்குக் குரல் உயராதவர்களைக் கண்டால்தான் பயம்.

நாலைந்து தடவை உட்கார்ந்த பிறகு ஒரு வழி பிறந்தது. இரண்டு லாஞ்சும் திரும்பி வரும். பழைய பாக்கி, நஷ்டம் எதையும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. புது அக்ரிமெண்ட் போடுவார்கள், அதில் சங்கிலி வரி இருக்காது. எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்போது எதிர் வக்கீல் ஒரு தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

லாஞ்சு திரும்புவதைத் தவிர, இந்தத் தீர்வின் நிபந்தனைகளை எந்த மூன்றாவது நபரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் தீர்வு ரத்தாகும், பழைய அக்ரிமெண்ட் சங்கிலி வரியோடு உயிர் பெறும். பார்த்தால் சாதாரண ரகசிய வரிதான். நுங்கம்பாக்கத்தில் நானே கண்ணை மூடிக்கொண்டு இதை எத்தனையோ ஒப்பந்தங்களில் சேர்த்திருக்கிறேன். மற்ற லாஞ்சுக்காரர்களும் இதையே கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் போடுகிறார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குப்பத்து வழக்கம் எனக்குத் தெரியும். கிராமத்தார் ஒருவர் விஷயத்தைக் கையில் எடுத்தால், அது முடிந்ததும் அவர் கோயில் முன்னால் நின்று மைக்கை வாங்கி, என்ன முடிந்தது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் எதையோ வாங்கிக்கொண்டான் என்று அர்த்தம். அதனால் கிராமத்தாரிடம் சொல்வதற்கு மட்டும் ஒரு விலக்கு எழுதுங்கள் என்று கேட்டேன்.

"மைக் வெச்சு சொல்ற ரகசியமா மேடம்?" என்றார் எதிர் வக்கீல், குரல் உயராமல். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிஸ்கட் தட்டைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன். பெரியவர்களிடம் மட்டும் சொல்லலாமா என்று இறங்கிக்கூடக் கேட்டேன். அசையவில்லை. இந்த வரி இல்லை என்றால் தீர்வே இல்லை என்றார்.

வெளியே மரத்தடியில் நின்று கட்சிக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ வாயில பூட்டு போட்டுக்கினு ஊருக்குள்ள போன்றியா?"

"லாஞ்சு வேணுமா வேணாமா? நீங்கதான் சொல்லணும்."

"ஊரு கேக்கும் வக்கீலம்மா. கேக்கறதுக்கு அவங்களுக்குப் பாத்யத கீது. எங்களுக்கோசரம் அல்லாரும் வேலைய வுட்டு ஒக்காந்துகினு கீறாங்கோ."

"இன்னும் பேசிக்கினு கீறாங்கன்னு சொல்லி சமாளிங்களேன்." அவரிடம் பேசும்போது என் தமிழ் தானாக ராயபுரத்துக்குத் திரும்பிவிடும்.

"அம்மன் வாசல்ல நின்னுகினா?"

அந்த அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. "வா, போட்டுட்டு வரலாம். மொதல்ல லாஞ்சு வரட்டும்" என்று அவர்தான் புருஷனை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போட்டார், மனைவி போட்டார். கீழே அவர்கள் தரப்பு வக்கீல் என்று நான் போட்டேன். அந்த வரி வக்கீல்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருந்தது.

லாஞ்சை ஒப்படைக்க அடுத்த வாரம் நாள் குறித்தார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு காலை கிராமக் கூட்டம். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பூசைக்குக் கூப்பிட்ட அம்மாவிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் வழியாக எண்ணூர் ரோட்டில் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. அவர் வாயைப் பொத்தவா முடியும்? வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கத்திவாக்கம் தாண்டும்போது தூரத்தில் மைக் சத்தம் கேட்டது. "இதனால் கிராம மக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்தது. உடனே வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இன்று தண்ணீர் லாரி சாயங்காலம்தான் வருமாம். அட கர்த்தரே என்று ஹேண்டில் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

குப்பத்து முனையில் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால் அந்தக் கூட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாகக் காதால்தான் கேட்டேன். மைக்கை யாரோ தட்டினார்கள். பிறகு அவர் குரல்.

"அல்லாருக்கும் வணக்கம். நம்ம விஷயம் முடிஞ்சிபூட்ச்சி. லாஞ்சு வருது."

கைதட்டல் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். இங்கேயே நிறுத்திவிடேன் மனுஷா, கீழே இறங்கிவிடேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"இன்னா பேசி முடிச்சாங்கோ? அத்த சொல்லு மாமா" என்று ஒரு இளவட்டக் குரல் கேட்டது. மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் கடல் காற்று மட்டும் கரகரத்தது.

"அத்த சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டுக்கீறேன். மன்னிச்சிக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒரே கூச்சல். "எவ்ளோ வாங்கினே?" என்று ஒருவர். "எங்க அக்ரிமெண்டு இன்னா ஆவுறது?" என்று இன்னொருவர். "நாங்க இன்னா கேனயன்களா?" என்று பலர். மைக்கை அணைத்துவிட்டார்கள். டிரெய்லர் ஒரு வழியாகத் திரும்பிப் போனது. எனக்கு வழி கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை போன் அடித்தது. எதிர் வக்கீல்.

"மேடம், உங்க கட்சிக்காரர் மைக்ல அறிவிச்சுட்டாராமே. எங்க கம்பெனிக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்காங்க. லாஞ்சு ஒப்படைக்கிறத நிறுத்தி வைக்கச் சொல்றாங்க."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நிபந்தனைகளைத்தான் சொல்லக்கூடாது, தீர்வு ஆனதையும் லாஞ்சு வருவதையும் சொல்லக்கூடாது என்று எங்கேயும் இல்லை, அவர் எந்த நிபந்தனையைச் சொன்னார் காட்டுங்கள் என்றேன்.

"ரகசியமா வெச்சிக்கணும்ங்கறதும் ஒரு நிபந்தனைதானே? அதைச் சொல்லிட்டாரே."

பாவி! அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பேச வரும், கடவுள் கொடுத்த ஒரே வரம்.

"சார், அந்த வீடியோவைக் கடைசி வரைக்கும் பாருங்க. அவருக்காக வேலையை விட்டு உக்காந்திருந்த ஜனம் சுத்தி நின்னு கேக்குது. அவர் வாயைத் திறக்கலை. உங்க கம்பெனி கேட்டது அதுதானே? இதைவிட ஒரு மனுஷன் எப்படி சார் ரகசியத்தைக் காப்பாத்துவான்? இதுக்குப் பிறகும் ரத்துன்னா, எழுதிக் கொடுங்க. அந்த வீடியோவோட நான் கோர்ட்டுக்குப் போறேன். நீதிபதி பார்க்கட்டும்."

அந்தப் பக்கம் வீடியோவை மறுபடி ஓட்டுகிறார் என்று தெரிந்தது. போன் வழியாக அதே கூச்சல், அதே "நாங்க இன்னா கேனயன்களா?" சின்னதாகக் கேட்டது.

"பேசிட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கட்சிக்காரர் போன் செய்யவே இல்லை, அது வேறு பயமாக இருந்தது. நானே அடித்தேன். மனைவிதான் எடுத்தார். அடித்தார்களா, திட்டினார்களா என்று கேட்டேன்.

"திட்னா தேவலயே. ஒர்த்தரும் பேச மாட்டேன்றாங்கோ. தண்ணி லாரியாண்ட கொடத்த வெச்சா, எங்கொடத்த சுத்திப் போறாங்கோ. எந்தம்பியும்தான்." உடனே பேச்சை மாற்றினார். "லாஞ்சு வருமா வராதா, அத்த சொல்லு."

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரும் என்றேன். வைத்துவிட்டு, மாதாவே, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். மாடி ஜன்னலைத் திறந்து வைத்தால் காகிதம் பறக்கிறது, மூடி வைத்தால் காற்று எவ்வளவு என்று தெரியவில்லை. திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கீழே இரும்புக் கடைக்காரர், "இன்னா மேடம், கதவு ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டார்.

மத்தியானம் போன் அடித்தது. "எடுத்துக்கச் சொல்லுங்க மேடம். இன்னைக்கே" என்றார் எதிர் வக்கீல். பிறகு கொஞ்சம் தயங்கி, "நல்ல பாயின்ட் எடுத்தீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தனியாக ஆபீஸ் போட்ட பிறகு நானாகப் பேசி ஜெயித்த முதல் பெரிய விஷயம் அது. அந்த ஓர் எண்ணத்தை வைத்துக்கொண்டு எண்ணூர் வரை ஸ்கூட்டரில் பறந்தேன். காற்று என்னையும் வண்டியையும் சேர்த்து லாரிப் பக்கம் தள்ளியது. அன்றைக்கு அதுகூட உறைக்கவில்லை.

ஆறு கடலில் சேருகிற இடத்தில்தான் குப்பத்துப் படகுகள் கரைக்கு வரும். அங்கே தண்ணீர் இழுப்பு ஜாஸ்தி. படகு கிட்டே வந்ததும் இன்ஜினைக் குறைத்துவிட்டு, "கயிறு வாங்கு!" என்று கத்தி வீசுவார்கள். யார் படகு, எவன் எதிரி என்றெல்லாம் பார்க்காமல் கரையில் யார் இருந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்து, கரையில் நட்டிருக்கும் கட்டையில் சுற்றுவார்கள். இல்லாவிட்டால் படகு பின்னால் போய்க் கல்லில் மோதும். அன்றைக்குப் புயலுக்குப் பயந்து எல்லோரும் படகை ஏற்றிக் கட்டிவிட்டு, கரை நெடுக வலை மேலேயும் ஐஸ் பெட்டி மேலேயும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மட்டும் தனியாகத் தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

முதல் லாஞ்சு முகத்துவாரத்தில் திரும்பியது. அவரே ஓட்டி வந்தார். ஒரு பக்கம் பலகை பெயர்ந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"கயிறு வாங்கு!" என்று கத்தினார், பழக்க தோஷத்தில், கரை முழுவதையும் பார்த்து.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

கயிறு வந்து சேற்றில் விழுந்தது. அந்த அம்மா பாய்ந்து பிடித்தார். லாஞ்சு அவரைத் தண்ணீருக்குள் இழுத்தது. நான் கோர்ட்டுக்குப் போடுகிற ஷூவோடு இறங்கி, அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்தது. ஒரு கட்டையில் எப்படியோ ஒரு சுற்று சுற்றி, அவிழாமல் இருக்க இரண்டு பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலை லாஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விட்டால் போய்விடும்.

அப்போதுதான் அந்த அம்மாவின் தம்பி எழுந்து வந்தார். அப்பாடா, பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அக்கா பக்கம் திரும்பாமல், நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"கட்டுப்பாடு முடிஞ்சிபோச்சி வக்கீலம்மா. நாளைக்கு கம்பெனிக்காரன் வர்றான், வேலைய நிறுத்திட்டமே, மறுபடி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்க. அதே பழைய தாளு." நிதானமாகத்தான் பேசினார். "நான் வேற ஒண்ணியும் கேக்கல. மாமா இப்போ கையெழுத்து போட்ட தாள்ல அந்த சங்கிலி போடுற வரி கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

இல்லை என்கிற ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு, கரை தொட்ட லாஞ்சு திரும்ப உள்ளே போகும். நான் அவருடைய அக்காவைப் பார்த்தேன். அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு கடித்துக்கொண்டு.

"படிச்சிப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. நுங்கம்பாக்கத்துக் குரல்.

"படிச்சா கீதுன்னு தெரியும். எடுக்கச் சொன்னா எடுப்பானான்னு எங்க எழுதிக்கீது?"

நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கயிற்றைத் தொடாமலே, திரும்பிப் போய் ஐஸ் பெட்டி மேலே பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

முகத்துவாரத்தில் இரண்டாவது லாஞ்சு திரும்பியது. அத்திப்பட்டிலிருந்து வேலைக்கு வைத்திருந்த டிரைவர் ஓட்டி வந்தார். ஊரில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிரித்த முகமாக, ஒரு கையில் கயிற்றுச் சுருளைத் தூக்கிப் பிடித்து நின்றார். எங்கள் நாலு கையும் முதல் கயிற்றில் இருந்தன.

"கயிறு வாங்கு!" என்றார் அவர். "யப்பா, யாராச்சும் கயிறு வாங்குங்கப்பா!"